கை வைக்கும் முன் குறிப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறர் ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். பள்ளி விடுமுறையை ஒட்டி உங்கள் நாளிதழில் வெளிவந்த ஜியோகேஷிங் கட்டுரை பல பெற்றோருக்கு உதவியிருக்கும். திறன்பேசியும் ஒரு பேனாவும் இருந்தால் போதும், குடும்பத்தோடு வெளியே கிளம்பிவிடலாம் என்று அது சொன்னது சரியே. ஆனால், ஒளித்த இடத்தைக் கோடிகாட்டும் குறிப்பைப் பார்க்காமல் பெட்டியைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வெற்றி, பிள்ளைகள் கண்ணில் குறிப்பைக் காட்டவே கூடாது என்ற பொருளில் அதில் வந்த அறிவுரையை ஏற்க முடியவில்லை. இந்த எண்ணத்தால்தான் புதர்கள் பிய்கின்றன, கல்வரிசைகள் கலைகின்றன, நம் சிங்கப்பூரின் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளங்களில் குடியிருப்பாளர்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். எப்போது குறிப்பைத் திறக்கலாம், எப்போது திறந்தே ஆகவேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு வைத்து, அதன் ஆயங்களை, அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேஷிங் டாட் காம் தொடங்கியது. இன்று அந்த இணையத்தளத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் ஆயங்கள், பெட்டியின் அளவு, தேடும் கடினம், நிலத்தின் கடினம், முன்பு தேடியவர்களின் பதிவுகள், கடைசியாக ஒரு குறிப்பு ஆகியவை இருக்கும். உல்மரின் வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது. இன்றைய விதிகளின்படி, நில உரிமையாளர் வெளிப்படையாக அனுமதி தந்தாலன்றி, பெட்டியைப் புதைக்க மண்ணைத் தோண்டக் கூடாது. ஆகவே தேடுபவரும் எந்தச் சூழலிலும் தோண்ட வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான்.

குறிப்பை எப்போது பார்ப்பது என்று கேட்டால் பலர் நேரக் கணக்குச் சொல்வார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று ஆளுக்கொரு கணக்கு. கடிகாரம் இதற்குச் சரியான அளவுகோல் அல்ல. கைதான் அளவுகோல். கண்ணால் பார்க்கும் வரை, குனிந்து எட்டிப் பார்க்கும் வரை, கைப்பிடிக் கம்பியின் அடியில் விரலை ஓட்டிப் பார்க்கும் வரை குறிப்பு இல்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். அடுத்து ஒரு கல்லைப் புரட்ட வேண்டும், செடியை விலக்க வேண்டும், ஒரு மூடியைத் திறக்க வேண்டும் என்று தோன்றும் அந்தக் கட்டத்தில், அதைச் செய்வதற்கு முன் குறிப்பைத் திறந்துவிட வேண்டும். அது இரண்டாவது நிமிடத்திலேயே வந்தாலும் சரி.

காரணம் எளிய கணக்கு. திறந்த வெளியில் நல்ல திறன்பேசி ஒன்று ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும். பெட்டியை வைத்தவரின் கருவியிலும் அதே அளவு பிழை இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் நீங்கள் தேடுவது 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம், அதாவது 300 சதுர மீட்டருக்கு மேல். அடர்ந்த மழைமரங்களின் கீழோ, உயரமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையிலோ சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். வானளாவிகள் சூழ்ந்த ராஃபிள்ஸ் பிளேஸ் போன்ற இடத்தில் அம்புக்குறி தெருவின் எதிர்ப்பக்கத்தையே காட்டினாலும் வியப்பில்லை. அத்தனை பரப்பிலும் ஒவ்வொருவரும் கல்லைப் புரட்டி, தழையை விலக்கிப் பார்த்தால், ஒரே மாதத்தில் அந்த இடம் தரைமட்டமாகிவிடும். பெட்டியோ பெரும்பாலும் எதையும் புரட்டத் தேவையில்லாத இடத்தில்தான் இருக்கும்.

குறிப்பைத் திறப்பதற்கு முன், பெட்டிக்குரிய இணையப் பக்கத்தில் இருக்கும் மற்றவற்றை ஒழுங்காகப் படித்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். அளவை முதலில் பாருங்கள். ‘மைக்ரோ’ என்றால் 100 மில்லிலிட்டருக்குக் குறைவு, பழைய ஃபிலிம் சுருள் டப்பா அளவு. ‘ஸ்மால்’ ஒரு லிட்டர் வரை. ‘ரெகுலர்’ 20 லிட்டர் வரை. ரெகுலர் பெட்டியைத் தேடிக்கொண்டு கம்பி இடுக்குகளை நோண்டுபவர்களும், விரல்நுனி அளவுள்ள நானோவைத் தேடிக்கொண்டு மரப்பொந்தைத் துழாவுபவர்களும் அளவைப் பார்க்காமல் வந்தவர்கள். தேடும் கடினமும் நிலத்தின் கடினமும் 1 முதல் 5 வரை அரைப்புள்ளி இடைவெளியில் இருக்கும். தேடும் கடினம் 1 என்றால் சில நிமிடத்தில் கிடைக்க வேண்டும். 2 என்றால் சராசரி ஆளுக்கு அரை மணி நேரத்துக்குள். நிலத்தின் கடினம் 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் எட்டக்கூடிய இடம். ஆகவே 1 என்று போட்ட பெட்டிக்காக மரமேறுவது வீண்.

அடுத்து கடைசி ஐந்தாறு பதிவுகள். தொடர்ந்து நான்கு பேர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் பெட்டி அங்கே இல்லாமலே போயிருக்கலாம். அந்த நிலையில் குறிப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. நேற்றுதான் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் என்றால் தேடலைத் தொடரலாம். பக்கத்தில் உள்ள சின்னச் சின்னப் படங்களையும் விடாதீர்கள். ‘சிறப்புக் கருவி தேவை’ என்ற சின்னம் இல்லையென்றால் திருகாணியைக் கழற்ற வேண்டிய பெட்டி அதுவல்ல. சிலர் போலி போல்ட், போலி மின்பெட்டி போன்றவற்றில் ஒளித்து வைப்பதால், அனுபவமில்லாதவர்கள் உண்மையான மின்பெட்டிகளையும் தட்டிப் பார்க்கிறார்கள். பூட்டு, திருகாணி, மின்னபாய அடையாளம் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தொட வேண்டாம்.

இடத்துக்கு வந்தபிறகும் ஒரு முறை உண்டு. 10 மீட்டர் மீதம் என்று காட்டும்போது வேகத்தைக் குறையுங்கள். அம்புக்குறி சுற்றத் தொடங்கினால் அதன் பின்னால் ஓடாதீர்கள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் எண் ஓரளவு நிலைபெறும். பிறகு சற்று விலகிப்போய் வேறொரு திசையிலிருந்து மீண்டும் வாருங்கள். இரண்டு மூன்று திசைகளிலிருந்து வந்த கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே உங்கள் நடுப்புள்ளி. அங்கே திறன்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ‘இங்கே ஒளித்து வைக்க வேண்டுமானால் நான் எங்கே வைப்பேன்?’ என்று சுற்றிப் பாருங்கள். இருக்கையின் அடி, விளக்குக் கம்பத்தின் பின்புறம், வேலிக்கம்பியின் முனை, மரவேர்களுக்கு இடையிலான பள்ளம், அளவுக்கு மீறி ஒழுங்காக அடுக்கிய கற்கள் அல்லது குச்சிகள். பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பூங்காக்களில் செவ்வெறும்புக் கூடுகளுக்குக் குறைவில்லை. கடித்தபிறகு யாருக்கும் குறிப்பைப் படிக்கத் தோன்றாது.

குறிப்புக்கு இன்னொரு பயன் இருக்கிறது, அதைப் பலர் அறிவதில்லை. ஆயங்கள் சரியா என்று சோதிக்க அது உதவும். குறிப்பில் ‘மரத்தின் அடி’ என்று இருக்கிறது, நடுப்புள்ளியோ கூடைப்பந்துத் திடலின் நடுவே இருக்கிறது என்றால் தேடலில் குறையில்லை, எண்ணில்தான் குறை. இந்த விளையாட்டில் ஆயங்களைப் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள். நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் ஏறத்தாழ 1.85 மீட்டர் நகரும். இரண்டாவது இலக்கம் மாறினால் 18 மீட்டருக்கு மேல், முதல் இலக்கம் மாறினால் 185 மீட்டர். நாம் பூமத்தியரேகைக்கு மிக அருகில் இருப்பதால் வடக்கு தெற்கிலும் கிழக்கு மேற்கிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். புதியவர்கள் கையால் எண்ணைத் தட்டும்போது செய்யும் பெரிய தவறு, 17.460 நிமிடம் என்பதை 17 நிமிடம் 46.0 விநாடி என்று உள்ளிடுவது. அது ஏறத்தாழ 570 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடும். இதுவரை யாரும் கண்டுபிடிக்காத புத்தம்புதிய பெட்டிக்கு ஓடுபவர்கள் குறிப்பை முன்கூட்டியே பார்ப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அந்த ஆயங்களை அதுவரை வேறு எவரும் சரிபார்த்திருக்கவில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே குறிப்பைத் திறந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. முதலாவது, ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்கள். உணவங்காடி நிலையத்தின் ஓரம், பேருந்து நிறுத்தம், புளோக் கீழ்த்தளம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுவர் விளையாட்டு மைதானம். வயதுவந்த ஒருவர் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி இருபது நிமிடம் கம்பிகளைத் தடவிக்கொண்டு நின்றால் பெற்றோர்கள் காவல்துறையை அழைப்பார்கள், அழைக்கத்தான் வேண்டும். 2011ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் கடைத்தெருவில் இருந்த ஒரு சிறு ஜியோகேஷ் பெட்டியை வெடிகுண்டு என்று ஐயுற்று, தெருவை மூடி, படையினர் அதை வெடிக்கச் செய்தார்கள். சந்தேகப் பொருளைக் கண்டால் தெரிவியுங்கள் என்று எஸ்ஜி செக்கியூர் எனும் பாதுகாப்பு விழிப்புணர்வு இயக்கம் சொல்லிவரும் நாட்டில் வாழும் நாம், நேராகச் சென்று, எடுத்து, பெயரெழுதி, அதே இடத்தில் வைத்துவிட்டு இரண்டே நிமிடத்தில் நகர்ந்துவிடுவதே முறை. அங்கே குறிப்பைப் பார்க்காமல் வீறாப்புக் காட்டுவதில் யாருக்கும் நன்மையில்லை.

இரண்டாவது, வெளிச்சமும் வானிலையும். ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடும். டார்ச்சோடு தேடும்போது கண்ணால் பார்ப்பது குறைந்து கையால் துழாவுவது கூடும். பிற்பகல் இடி மின்னல் நெருங்கும்போது திறந்தவெளியில் மரத்தடியில் நின்று மூளையைக் கசக்குவதில் பொருளில்லை. குறிப்பைப் பார்த்து உடனே எடுங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள். மூன்றாவது, இணைய இணைப்பு. புலாவ் உபின் தீவிலும் வடக்குக் கரையோரங்களிலும் திறன்பேசி மலேசியக் கட்டமைப்புக்குத் தாவிவிடும். வெளிநாட்டுத் தரவு அடைத்து வைக்கப்பட்டிருந்தால் பக்கமே திறக்காது, திறந்து வைத்திருந்தால் கட்டணம் ஏறலாம். படகில் ஏறும் முன்பே பக்கத்தையும் குறிப்பையும் கருவியில் சேமித்துக்கொள்ளுங்கள். சேமிப்பதும் படிப்பதும் ஒன்றல்ல. கையிருப்பில் இருக்கட்டும், தேவைப்பட்டால் படிக்கலாம்.

இனி பிள்ளைகள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே இடத்தில் பத்து நிமிடம் தேடும் பொறுமை இருந்தாலே பெரிது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தேடுவதை விட்டுவிட்டுச் செடியைப் பிய்க்கத் தொடங்கும். பெரியவர்கள் குறிப்பை முன்பே படித்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்ல வழி. சலிப்புத் தட்டுவதற்குச் சற்று முன்பாக, ‘உன் முழங்கால் உயரத்தில் பாரு’ என்று ஒரு சொல் விட்டால் போதும். கண்டுபிடித்தது பிள்ளைதான். முதல் இரண்டு மூன்று தேடல்களில் எதுவுமே கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை அடுத்த விடுமுறைக்கு வராது.

பல கட்டங்களாக அமைந்த தேடல்களில் முதல் கட்டத்திலேயே குறிப்பைப் பார்ப்பதில் தவறில்லை. ஒரு கட்டம் தவறினால் மொத்த நடையும் வீணாகிவிடுமே. ஆனால் எல்லாக் கட்டங்களின் குறிப்பும் பக்கத்தின் குறிப்புப் பகுதியில் ஒன்றாக, வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே தட்டில் கடைசிக் கட்டம் வரை தெரிந்துவிடும். புதிரை விடுவித்தால்தான் உண்மையான ஆயங்கள் கிடைக்கும் புதிர்ப் பெட்டிகளில் குறிப்பு புதிருக்கா, ஒளித்த இடத்துக்கா என்பதை முதலில் பாருங்கள். புதிரின் விடையை ஐயப்பட்டால் குறிப்பை விட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. உண்மையான இடம், இணையப் பக்கத்தில் காட்டியிருக்கும் புள்ளியிலிருந்து பொதுவாக 3.2 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். உங்கள் விடை உங்களைக் கடலுக்குள் நிறுத்தினாலோ மலேசியாவின் ஜொகூருக்கு அனுப்பினாலோ கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

திறக்கவே கூடாத இடம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆளரவம் குறைந்த பூங்கா, வெளிச்சம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, தேடும் கடினம் 3க்கு மேல், கண்டுபிடித்தவர்கள் பலர் பாராட்டாகத் தங்கள் விருப்பப் புள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் உருமறைப்புத்தான் விருந்து. வைத்தவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மரக்கிளையைப் போலவோ குழாய்த்துண்டைப் போலவோ செய்திருப்பார். அதைக் குறிப்பைப் படித்துவிட்டுப் போய்ப் பார்ப்பது துப்பறியும் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவது போலத்தான். அங்கே கண்ணால் மட்டும் ஒரு மணி நேரம் தேடுங்கள், தப்பில்லை. கை துருதுருக்கத் தொடங்கினால் மட்டும் நான் முதலில் சொன்ன விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பை முழுவதுமாகத்தான் திறக்க வேண்டும் என்பதில்லை. செயலியில் தட்டினால் மொத்தமும் தெரியும், ஆனால் இணையப் பக்கத்தில் அது மறைமொழியில் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் முதல் 13ஐ அடுத்த 13டன் இடம்மாற்றி எழுதுவதுதான் அந்த முறை. ஏ-க்கு என், பி-க்கு ஓ, இப்படியே போகும். மரம் என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘ஜி, இ, ஆர், ஆர்’ என்று தெரியும். குறிப்பைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றால் ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்து மேலே தேடலாம். கூட்டமாகப் போனால் இன்னும் எளிது. ஒருவர் மட்டும் படித்து, மற்றவர்கள் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். இங்கே நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. இந்த மறைமொழி ஆங்கில எழுத்துகளை மட்டுமே மாற்றும். தமிழில் எழுதிய குறிப்பு மறையாமல் அப்படியே பளிச்சென்று தெரியும். எண்களும் மறையாது. தமிழ்க் குடும்பங்களுக்கென்று பெட்டி வைப்பவர்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால்தான் அது மறைந்து நிற்கும்.

பெட்டி வைப்பவர்கள் மீதும் பாதிப் பொறுப்பு இருக்கிறது. ‘குறிப்பு தேவையில்லை’, ‘பார்த்தாலே தெரியும்’ என்று எழுதுபவர்கள் அந்த இடத்தைப் பிறர் பிய்த்துப்போடத் தாங்களே அனுமதி கொடுக்கிறார்கள். நல்ல குறிப்பில் மூன்று செய்திகள் இருந்தால் போதும். எந்தப் பொருளோடு இருக்கிறது, எந்த உயரத்தில், காந்தமா கட்டியிருக்கிறதா. இவற்றை விடவும் மதிப்புள்ளது எங்கே இல்லை என்று சொல்வது. ‘புதருக்குள் இல்லை’, ‘கல்லை நகர்த்த வேண்டாம்’ என்ற ஒரு வரி அந்த இடத்தைப் பல ஆண்டுகள் காப்பாற்றும். நிறத்தை அடையாளமாகச் சொல்லாதீர்கள். புளோக்குகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுச் சாயம் பூசுகிறார்கள். செடியைச் சொல்லாதீர்கள், அடுத்த வாரமே கத்தரித்துவிடுவார்கள். இடது, வலது என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும், வடக்கு தெற்கு மாறாது. மரம் விழுந்தாலோ வேலி மாறினாலோ குறிப்பையும் மாற்றுங்கள். பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததை விடக் கெட்டது.

குறிப்பையும் படித்தாயிற்று, அது சொல்லும் இடத்தையும் பார்த்தாயிற்று, இன்னும் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குறிப்பு சொன்ன இடத்தில் இல்லாத பெட்டி பெரும்பாலும் அங்கே இல்லை. துப்புரவுப் பணியாளர் எடுத்திருக்கலாம், குரங்கு தூக்கிப் போயிருக்கலாம், மழைநீரில் அடித்துச் சென்றிருக்கலாம். கையிலிருக்கும் டப்பாவில் தாளைப் போட்டு வைத்துவிட்டுக் ‘கண்டுபிடித்தேன்’ என்று பதியும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பழைய பெட்டி வேறிடத்தில் இருந்தால் அடுத்து வருபவருக்கு இரண்டு பெட்டிகளாகிவிடும், குறிப்பும் பொய்யாகிவிடும். ‘கிடைக்கவில்லை’ என்று வெட்கப்படாமல் பதியுங்கள். குறிப்பைப் பார்த்தீர்களா, எவ்வளவு நேரம் தேடினீர்கள், குறிப்பில் சொன்ன பொருள் இன்னும் அங்கே இருக்கிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். பெட்டி வைத்தவர் நேரில் வந்து பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்